‘டெக்கமெரான்’ படத்தை நம் ஊர் மாடியில் போடுவது எப்படி?

படத்தைப் போடும் முன் கதையைச் சொல்லிவிடுங்கள். மன்னார்குடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், பிள்ளைகள் தூங்கியபின் பெரியவர்களுக்கு மட்டும் படம் போடுகிறவள் நான். இத்தாலிய இயக்குநர் பசோலினி பல தனிக்கதைகளைக் கோத்து எடுத்த இந்தப் படத்தில் ஆட்கள் பேசுவது நேப்பிள்ஸ் ஊர்க் கொச்சை. கீழே ஓடுவது ஆங்கிலம். அதைப் படித்து முடிப்பதற்குள் சிரிப்பு கடந்துபோய்விடும்.

ஆனால் முடிச்சை மட்டும் சொல்லுங்கள், அவிழ்ப்பதைச் சொல்லாதீர்கள். ஊமையாக நடித்துக் கன்னியாஸ்திரீ மடத்துத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்கிறான் மாசெத்தோ. இவன் வெளியே சொல்லமாட்டான் என்று நம்பி ஒவ்வொருத்தியாக அவனைக் கூப்பிடுகிறாள். அங்கே நிறுத்திவிடுங்கள். களைத்துப்போய் அவன் வாய் திறப்பதையும், மடத்துத் தலைவி அதை அற்புதம் என்று கொண்டாடுவதையும் திரையில் பார்க்கட்டும். குதிரை வாங்க வந்தவன் மலக்குழியில் விழுவதற்கு முன்னுரையே வேண்டாம். லிசபெத்தாவின் துளசித் தொட்டிக் கதைக்கும் எதுவும் சொல்லாதீர்கள். அது சிரிக்கும் கதை இல்லை.

கொள்ளைநோயைக் கட்டாயம் சொல்லுங்கள். 1348இல் ஃபிளாரன்ஸில் பிணங்கள் விழ, ஊரைவிட்டு ஒதுங்கிய ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் பத்து நாளில் சொல்லும் நூறு கதைகள்தான் இந்தப் படத்துக்கு மூலமான பொக்காச்சியோவின் நூல். 1971இல் படமெடுத்த பசோலினி அந்தப் பகுதியை விட்டுவிட்டார். கொரோனாவில் கதவைச் சாத்திக் கிடந்த நமக்கு, சாவுக்கு நடுவே உடம்பைக் கொண்டாடும் கதை என்றால் உடனே புரிகிறது. முகம் சுளிக்க வந்தவரும் உட்கார்ந்துவிடுகிறார்.

நிர்வாணக் காட்சி வந்தால் ரிமோட்டை எடுக்காதீர்கள். நீங்கள் ஓட்டிவிட்டால்தான் அது அசிங்கமாகிறது. கோயில் திருவிழாக் கரகாட்டத்தில் குறவன் குறத்தி பேச்சைக் கேட்டுச் சிரித்து வளர்ந்த பெண்கள்தானே பாயில் இருக்கிறார்கள்! அவர்களை முன்னால் உட்காரவையுங்கள். பின்னால் இருந்தால், யார் சிரிக்கிறாள் என்று ஆண்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்; அப்புறம் ஒருத்தியும் வாய்விட்டுச் சிரிக்கமாட்டாள்.

அடுத்த இரவுக்கு, அதே இயக்குநர் 1974இல் எடுத்த ஆயிரத்தொரு இரவுகள் படத்தைப் போடுங்கள். 1972இல் வந்த அவருடைய ‘கேன்டர்பரி கதைகள்’ பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கிய படம்தான். ஆனாலும் அதைக் கடைசியாக வையுங்கள். அதன் முடிவில் வரும் நரகக் காட்சியைத் தாங்க, பார்ப்பவர்கள் மற்ற இரண்டிலும் பழகியிருக்க வேண்டும். அன்றைக்குச் சாப்பாட்டைப் படம் முடிந்து வெகுநேரம் கழித்துப் பரிமாறுங்கள்.