மந்திரம் போட்டால் யாருக்குத் தெரியும்? புது டிஎம்களுக்குப் படிப்படியான விளக்கம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் ஆட்டம் இது. அதில் கதையை நடத்தும் டிஎம்மாக நான் உட்கார்ந்த முதல் தொடரில் ஓர் அரசவைச் சதி இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து பின்னிய சதி. யாருக்கு யார் மேல் விரோதம், எந்தக் கடிதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். விசார்டாக, அதாவது படித்து மந்திரம் கற்றவராக, ஆடிய நண்பர் விருந்துக்கூடத்தில் அமைச்சருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, “நான் சத்தமில்லாம அவர் மேல சஜஷன் போடுறேன்” என்றார். நாம் சொல்லும் யோசனையை எதிராளியைச் செய்ய வைக்கும் மந்திரம் அது. நானும் சரி என்றுவிட்டேன். அமைச்சர் கடிதத்தை எடுத்து நீட்டினார். பத்து நிமிடத்தில் சதி முடிந்தது.

அதைவிட எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. அதே மேசையில் சோர்சரராக, அதாவது பிறவியிலேயே மந்திரம் வாய்த்தவராக, ஆடியவர், சொல்லும் சைகையும் இல்லாமல் மந்திரம் போட உதவும் சப்டில் ஸ்பெல் என்ற திறனைத் தேடிப் பிடித்து எடுத்து வைத்திருந்தார். மெதுவாகக் கேட்டார்: “அப்போ நான் இதை எதுக்கு எடுத்தேன்?” என்னிடம் பதில் இல்லை.

மந்திரம் போடுவது மற்றவர் கண்ணுக்கும் காதுக்கும் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. கீழே உள்ள எண்கள் பெரும்பாலும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளிலிருந்து எடுத்தவை. நீங்கள் வேறு ஆட்டம் ஆடினாலும் வழிமுறை பொருந்தும்.

படி 1: ஒரே கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

“தெரியுமா, தெரியாதா?” என்று மொட்டையாகக் கேட்டால் மேசையில் சண்டைதான் வரும். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஏதோ நடக்கிறது என்று ஒருவர் கவனித்தாரா? கவனித்தவருக்கு அது என்ன மந்திரம் என்று புரிந்ததா? புரிந்தோ புரியாமலோ, அவர் என்ன செய்யப் போகிறார்?

முதல் கேள்விக்கு ஆம் என்பதால் மற்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிடாது. வாயிற்காவலன் கண்ணுக்குக் காயம் ஆற்றும் மந்திரமும் மனதை மயக்கும் மந்திரமும் ஒன்றுதான்: யாரோ புரியாத மொழியில் ஏதோ சொல்லிக் கையை ஆட்டுகிறார். புது டிஎம்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கவனித்த உடனே காவலன், “என்னை வசியம் செய்யப் பார்க்கிறாயா!” என்று வாளை உருவுவான். அவனுக்கு அது எப்படித் தெரியும்?

படி 2: மந்திரத்தின் கீழே உள்ள எழுத்துகளைப் படியுங்கள்

ஒவ்வொரு மந்திரத்துக்கும் கீழே வி, எஸ், எம் என்ற எழுத்துகள் இருக்கும். வி என்றால் வாயால் சொல்ல வேண்டும். எஸ் என்றால் கையால் முத்திரை பிடிக்க வேண்டும், அதற்கு ஒரு கையாவது சும்மா இருக்க வேண்டும். எம் என்றால் ஏதோ ஒரு பொருளோ, அதற்குப் பதிலாகக் கோல், கோளம் போன்ற மந்திரக் கருவியோ கையில் இருக்க வேண்டும். 2017-ல் வந்த துணை விதிநூல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மந்திரம் போடுவது மற்றவருக்குத் தெரியும். ஏதாவது திறனால் மூன்றுமே இல்லாமல் போனால்தான் தெரியாது.

மந்திரத்துக்கு மந்திரம் இது மாறும் என்பதுதான் இதில் ருசியான விஷயம். சட்டென்று வேறிடத்துக்குத் தாவும் மிஸ்டி ஸ்டெப்புக்கு வாய்ச்சொல் மட்டும் போதும், கை கட்டியிருந்தாலும் போடலாம். சின்ன மாயத்தோற்றம் காட்டும் மைனர் இல்யூஷனுக்கும், பார்ப்பவரை மயக்கும் வண்ணக்கோலமான ஹிப்னாடிக் பேட்டர்னுக்கும் வாய்ச்சொல்லே கிடையாது, வாயில் துணி அடைத்திருந்தாலும் போடலாம். இருட்டில் ஒளிந்திருப்பவருக்கு இந்த இரண்டும் தங்கம். பார்வையில்லாத எதிரிக்கு முன்னால் மிஸ்டி ஸ்டெப் காட்டிக்கொடுக்கும், மைனர் இல்யூஷன் காட்டிக்கொடுக்காது.

என்னை மாட்டிவிட்ட சஜஷனுக்கு வியும் எம்மும் உண்டு. எதிராளிக்குச் சொல்லும் யோசனை வேறு, மந்திரச்சொல் வேறு. “அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்” என்ற பேச்சு மந்திரச்சொல்லாகிவிடாது. இரண்டும் தனித்தனியாகக் காதில் விழும். இது தெரிந்திருந்தால் அன்றைக்கு நான் சரி என்றிருக்க மாட்டேன்.

படி 3: குரல் எவ்வளவு உரக்க என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் உங்கள் மேசையின் குணமே முடிவாகிறது, அவசரப்படாதீர்கள்.

மந்திரச்சொல்லில் ஒலியின் ஏற்ற இறக்கமும் அதிர்வும் முக்கியம் என்று விதிநூல் சொல்கிறது. எவ்வளவு சத்தம் என்று அது சொல்லவில்லை. போதாக்குறைக்கு மெசேஜ் என்ற சின்ன மந்திரம் இருக்கிறது: 120 அடி தொலைவில் இருப்பவரிடம் விரலை நீட்டிக் கிசுகிசுக்கலாம், அவருக்கு மட்டும் கேட்கும். ஆனால் அதற்கும் வி உண்டு. ரகசியம் பேச உரக்கச் சொல் சொல்ல வேண்டும் என்றால் என்ன ரகசியம்?

மூன்று வழிகள் இருக்கின்றன. மந்திரம் என்றாலே முழக்கம் என்று வைக்கலாம். வீரதீரக் கதைகளுக்கு நன்றாக இருக்கும், ஆனால் பாதாள அறையில் ஒரு விளக்கேற்றினாலும் பக்கத்து அறை விழித்துக்கொள்ளும். முணுமுணுப்பே போதும் என்று வைக்கலாம். அப்போது என் அரசவைக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும். மூன்றாவது, சாதாரணமாகப் பேசும் குரல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. நான் இதைத்தான் எடுக்கிறேன், புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும், கதவுக்கு அப்பால் இருப்பவருக்குத் தெரியாமலும் போகலாம். அந்த இடைவெளியில்தான் ஆட்டக்காரர் யோசிக்க இடம் கிடைக்கிறது.

தூரம் வேண்டுமென்றால், டிஎம் தன் குறிப்புகளை மறைக்க முன்னால் நிறுத்தும் திரையில் ஓர் அட்டவணை உண்டு. சாதாரணச் சத்தம் கேட்கும் தூரத்துக்கு இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையைப் 10 அடியால் பெருக்க வேண்டும். சராசரியாக 70 அடி வரும். சத்தத்தை அடக்க முயன்றால் 5 அடியால் பெருக்க வேண்டும், சராசரி 35 அடி. மெசேஜுக்கு மட்டும் நான் விலக்கு கொடுக்கிறேன்: அதன் மந்திரச்சொல்லே கிசுகிசுப்புதான், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்.

படி 4: மறைக்க விலை வையுங்கள்

மறைக்கவே முடியாது என்றால் மந்திரக்காரர்கள் சண்டை இல்லாத காட்சிகளில் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். இலவசமாக மறைக்கலாம் என்றால் அந்த சோர்சரருக்குச் செய்த அநியாயம் திரும்பவும் நடக்கும். சப்டில் ஸ்பெல்லுக்கு, சோர்சரரின் சக்திக் கையிருப்பான சோர்சரி பாயின்ட்டில் ஒன்று செலவாகிறது, அதற்கு வியும் எஸ்ஸும் போகின்றன. 2014 விதிப்படி எம் போகாது. அதாவது சப்டில் ஸ்பெல் இருந்தும் சஜஷனுக்குப் பொருளைக் கையில் எடுத்தாக வேண்டும். 2024 கையேட்டில் இதைத் தளர்த்திவிட்டார்கள்: விலை குறிப்பிடாத, செலவாகிப் போகாத பொருளும் வேண்டாம். இவ்வளவு கறாராக விலை வைத்திருக்கும் ஒன்றை மற்றவருக்குச் சும்மா கொடுக்கக் கூடாது.

மற்ற ஆட்டங்கள் இந்த விலையை எப்படி வைக்கின்றன என்று பார்த்தால் வழி கிடைக்கும். ஆர்ஸ் மேஜிக்கா ஐந்தாம் பதிப்பில் யார் வேண்டுமானாலும் குரலைத் தாழ்த்தலாம், ஆனால் மந்திரத்தின் பலத்தில் 5 குறையும். வாயே திறக்காவிட்டால் 10 குறையும். சின்னச் சைகைக்கு 2, சைகையே இல்லையென்றால் 5. உரக்க முழங்கினால் 1 கூடும்! கர்ப்ஸ் ஆட்டத்தில் விலை அனுபவம்: அந்த மந்திரத்தில் திறன் 15-ஐத் தொட்டால் ஓரிரு சொல்லோ ஒரு சின்னச் சைகையோ போதும், 20-ஐத் தொட்டால் அதுவும் வேண்டாம். ஆர்ஸ் மேஜிக்காவின் முறை எனக்கு மிகவும் பிடிக்கும், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஆட்டக்காரருக்கே தெரிகிறது.

என் மேசையில் நான் வைத்திருக்கும் விதி இது. மறைவு இல்லாமல் பகடை உருட்ட முடியாது. குரலை மறைக்க வேறு சத்தம் வேண்டும்: முரசு, கூச்சல், அருவி. கையை மறைக்க மேலங்கியோ தூணோ மேசையோ வேண்டும். அது அமைந்தால் குரலுக்கு ஸ்டெல்த் (பதுங்கும் திறன்), கைக்கும் பொருளுக்கும் ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைச்சாதுரியம்). இரண்டும் தேவைப்படும் மந்திரம் என்றால் இரண்டு முறை உருட்ட வேண்டும். பார்ப்பவர்களின் பேசிவ் பெர்செப்ஷனை, அதாவது உருட்டாமலேயே அவர்களுக்கு இருக்கும் கவனிப்பு எண்ணை, எட்டவில்லையென்றால் அவர்கள் கவனித்துவிடுவார்கள். தோற்றாலும் மந்திரம் வேலை செய்யும், மந்திரம் போடச் செலவாகும் ஸ்லாட்டும் போகும். சண்டைக்கு நடுவே இந்த முயற்சியே கிடையாது. இல்லாவிட்டால் எல்லோரும், போடும்போதே மந்திரத்தை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல்லிலிருந்து தப்பிக்க இதையே பிடித்துக்கொள்வார்கள். 60 அடிக்குள் ஒருவர் மந்திரம் போடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் கவுன்டர்ஸ்பெல் போட முடியும்.

படி 5: கவனித்தவருக்கு என்ன புரிந்தது?

அடையாளம் காண, மந்திர அறிவைச் சோதிக்கும் ஆர்கேனா உருட்ட வேண்டும், இலக்கு 15-உடன் மந்திரத்தின் நிலை. முதல் நிலை மந்திரத்துக்கு 16. படிப்பறிவு சாதாரணமாக உள்ள ஒருவர், கூட்டல் எதுவும் இல்லாமல் இருபதுமுகப் பகடையை உருட்டினால், நான்கில் ஒரு முறைதான் கண்டுபிடிப்பார். மந்திரம் போடப்படும்போதே அடையாளம் காண முயன்றால், சுற்றுக்கு ஒரு முறை மட்டும் கிடைக்கும் எதிர்வினையான அவருடைய ரியாக்‌ஷன் செலவாகும், அப்புறம் அதே சுற்றில் கவுன்டர்ஸ்பெல் போட முடியாது. எனவே எதிர்ப்பவர் பெரும்பாலும் என்னவென்று தெரியாமலேயே எதிர்க்க வேண்டியிருக்கும். அந்தப் பதற்றம் நல்லது, விட்டுவிடுங்கள்.

படி 6: ஒரு காட்சியை ஆடிப் பாருங்கள்

அதே விருந்துக்கூடம், அதே அமைச்சர். பின்னால் ஒரு காவலன், பேசிவ் பெர்செப்ஷன் 12. அமைச்சரின் உதவியாளர் மேசை ஓரத்தில், அவருக்கு 15.

“நான் அமைச்சர் மேல சஜஷன் போடுறேன், யாருக்கும் தெரியக் கூடாது.”

“குரலை எப்படி மறைப்பே?”

“முரசு அடிக்கிறவங்க பக்கத்துல போய் நிக்கிறேன்.”

“அங்கிருந்து அமைச்சருக்கு உன் பேச்சு கேட்கணுமே. முப்பது அடிக்குள்ள இருக்கணும்.”

“அப்போ முரசு உச்சத்துக்குப் போகும்போது மந்திரச்சொல், அடங்கினதும் குனிஞ்சு யோசனையைச் சொல்றேன். பொருள் மேலங்கிக்குள்ள.”

இப்போது உருட்டலாம். ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் 16 வந்தது: கையை யாரும் பார்க்கவில்லை. ஸ்டெல்த் 14: காவலன் காதில் விழவில்லை, உதவியாளர் காதில் விழுந்தது. உதவியாளர் ஆர்கேனா உருட்டுகிறார், 11. இரண்டாம் நிலை மந்திரத்துக்கு 17 வேண்டும். ஏதோ மந்திரம் என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை. கையும் தெரியாததால், அந்தப் பக்கம் நிற்கும் மூவரில் யார் என்றும் அவருக்கு உறுதியில்லை.

அமைச்சர் கடிதத்தை எடுக்கப் போகிறார். உதவியாளர் எழுந்து, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, சிரித்த முகத்தோடு நேராக அந்த மூவரை நோக்கி வருகிறார். இங்கே நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்து, “இப்போ என்ன செய்றீங்க?” என்று கேளுங்கள். மூன்று வாரச் சதி பத்து நிமிடத்தில் முடிந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோர் முகத்திலும் தெரியும்.

படி 7: ஊரார் எப்படி நடந்துகொள்வார்கள்?

மந்திரத்தைத் தினமும் பார்க்கும் ஊரில் பூசகர் முணுமுணுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அரசர் முன்னால் அதே முணுமுணுப்பு உறையிலிருந்து வாளை உருவியதற்குச் சமம். இடத்துக்கு இடம் மாறட்டும், ஆனால் அங்கே போகும் முன்பே ஆட்டக்காரருக்குத் தெரியட்டும். வாசலில் கோலையும் பொருள் பையையும் வாங்கி வைக்கும் காவலர்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்.

மந்திரம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். சார்ம் பெர்சன் முடிந்ததும், தன்னை வசியம் செய்தது யார் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். சஜஷனில் அப்படி எழுதவில்லை. போடும்போது மறைத்துவிட்டால் எல்லாம் மறைந்துவிட்டது என்று நினைக்கும் ஆட்டக்காரருக்கு முதல் முறை நீங்களே நினைவூட்டிவிடுங்கள். விதி தெரியாமல் மாட்டிக்கொள்வதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை.

படி 8: அட்டையில் எழுதுங்கள்

முதல் ஆட்டத்துக்கு முன் எல்லோரும் உட்கார்ந்து பேசும்போது, கீழே உள்ளதைப் படித்துக் காட்டி, வேண்டாம் என்பதை மாற்றி, ஒரு அட்டையில் எழுதி மேசை நடுவே வையுங்கள்:

“வி, எஸ், எம் எது இருந்தாலும் தெரியும். குரல் பேசும் அளவு. மறைவு இருந்தால் உருட்டலாம், சண்டையில் கூடாது. சப்டில் ஸ்பெல்லுக்கு உருட்டலே வேண்டாம், எம் இருந்தால் மட்டும் கையை மறைக்க உருட்ட வேண்டும். எதிரிகளுக்கும் இதே விதி.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் வில்லன் கூட்டத்துக்கு நடுவே சத்தமில்லாமல் மந்திரம் போட்டால், ஆட்டக்காரர் ஒருவர் அட்டையைத் தொட்டு, “அவனுக்கு என்ன மறைவு இருந்துச்சு?” என்று கேட்பார். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.