அப்பாவின் ஏர் பிஸ்டலை முதல் வாரத்திலேயே கெடுத்துவிடாதீர்கள்

பல வருடம் அலமாரியில் கிடந்த போட்டி ஏர் பிஸ்டல் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ உங்கள் கைக்கு வருகிறது. வெளியே துரு, உள்ளே கெட்டியாகிப் போன கிரீஸ். உடனே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கை பரபரக்கும். ஆனால் இந்த மாதிரி பிஸ்டல்கள் கவனிப்பாரற்றுக் கிடந்து கெடுவதைவிட, புது உரிமையாளர் ஆசை ஆசையாகச் செய்யும் முதல் வார வேலைகளில் கெடுவதுதான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். 1960, 70களின் மேற்கு ஜெர்மனித் தயாரிப்புகளை, குறிப்பாக ஃபைன்வெர்க்பாவ் 65ஐயும் டயானா 6, 10 இரண்டையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஸ்பிரிங்கில் இயங்கும் மற்ற பிஸ்டல்களுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

முதல் தவறு, ‘சுடுகிறதா பார்ப்போம்’ என்று சுட்டுப் பார்ப்பது. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன்தான் காற்றை அழுத்துகிறது; அதன் முனையில் காற்று கசியாமல் அடைப்பது சீல். அந்தக் காலத்து பிஸ்டன் சீல்கள் பலவும் பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் காலப்போக்கில் பொடிப்பொடியாகிவிடும். குழல் வாயிலிருந்து பழுப்பு நிறத் துணுக்குகள் உதிர்ந்தால் சீலின் கதை முடிந்தது என்று அர்த்தம். சீல் நன்றாக இருந்தால் பிஸ்டன் முன்னால் வரும்போது அடைபட்ட காற்றே மெத்தை போல அதைத் தாங்கும். சீல் இல்லாவிட்டால் உலோகம் உலோகத்தில் மோதும். பெல்லட் (சிறிய ஈயக் குண்டு) போடாமல் சுட்டாலும் இதே ஆபத்துதான். அதோடு, பழைய பெல்லட் ஒன்று குழலுக்குள்ளேயே இருக்கலாம். பிஸ்டல் ஸ்பிரிங் பின்னிழுக்கப்பட்டு, சுடத் தயாரான நிலையிலும் இருக்கலாம். அதனால் முதலில் பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு இந்த இரண்டையும் சோதியுங்கள். ஃபைன்வெர்க்பாவ் 65இல் ஸ்பிரிங்கைப் பின்னிழுக்கும் பக்கவாட்டு லீவரைத் திறந்து பெல்லட் வைக்கும் இடத்தைப் பார்க்கும்போது இன்னொரு கையால் லீவரை இறுகப் பிடித்திருக்க வேண்டும். பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருந்து சட்டென்று விட்டுவிட்டால் விரல் நசுங்கும்.

அடுத்தது எண்ணெய். துருவைக் கண்டதும் கையில் கிடைத்த ஸ்பிரேயைக் குழலுக்குள்ளும் காற்றுத் துளைக்குள்ளும் அடித்துவிடுகிறார்கள். காற்று அழுத்தப்படும்போது எழும் சூட்டில் பெட்ரோலிய எண்ணெய் பற்றிக்கொள்ளும். புகையும் ‘டப்’ என்ற பெரிய சத்தமும் வரும், புது சீல்கூட வீணாகும். அழுத்த அறைக்கு வேண்டியது சிலிக்கான் எண்ணெய், அதுவும் ஓரிரு துளிதான். அதே சிலிக்கானை ஸ்பிரிங்குக்குப் போடாதீர்கள். உலோகம் உலோகத்தில் உரசும் இடத்தை அது காக்காது. அங்கே மாலிப்டினம் கிரீஸை மெல்லிசாகத் தடவினால் போதும்.

சரி, பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால்? மெயின் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையிலேயே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து மெல்ல விடுவிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் அது முகத்தை நோக்கிப் பாயலாம். ஸ்குரூவின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவர் வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். ஆனால் டயானா 6, 10 விஷயத்தில் என் அறிவுரையே வேறு: நீங்களே பிரிக்காதீர்கள். அதில் கிஸ் முறை என்ற ஏற்பாடு இருக்கிறது. சுடும்போது எதிரெதிர்த் திசையில் இரண்டு பிஸ்டன்கள் ஓடி ஒன்றின் உதைப்பை இன்னொன்று ரத்துசெய்யும். இரண்டையும் இணைக்கும் பற்கள் ஒரு பல் தள்ளிப் பொருந்தினாலும் எல்லாம் குழம்பிவிடும். அதைத் தெரிந்த கைகளிடம் கொடுப்பதில் வெட்கமே இல்லை.

ஃபைன்வெர்க்பாவ் 65இல் இன்னொரு வகைத் தவறு நடக்கும்: கெடாததைக் கெட்டதாக நினைப்பது. 1965இல் வந்த இந்த பிஸ்டலில் சுடும்போது மேல்பகுதி தண்டவாளத்தில் பின்னால் நகர்ந்து உதைப்பை விழுங்கிக்கொள்ளும். அந்த நகர்வைப் பூட்டி வைக்கவும் வழி உண்டு. ட்ரிக்கரின் எடையையும் 500 கிராம், 1360 கிராம் என்று மாற்றிக்கொள்ளலாம். அம்மாவோ அப்பாவோ வேறு பிஸ்டல் போட்டிக்குப் பயிற்சி எடுக்க இரண்டையும் மாற்றி வைத்திருக்கலாம். ட்ரிக்கர் கனமாக இருக்கிறது, கை உதறுகிறது என்று ஸ்குரூக்களைத் திருகத் தொடங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது உப்புத்தாள்தான். பளபளப்பாக்கும் ஆசையில் தேய்த்தால் கூர்மையான விளிம்புகள் மழுங்கும், முத்திரைகளும் வரிசை எண்ணும் அழியும், அசல் கருநீலப் பூச்சு போய்விடும். மேல்துருவுக்கு எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் அழுத்தாமல் தேய்த்தால் போதும். குழலுக்குள் எஃகு பிரஷ் கூடவே கூடாது. துணித்துண்டை இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். கைப்பிடியில் இன்னும் கவனம் வேண்டும். போட்டியாளர்கள் வால்நட் கைப்பிடியைத் தங்கள் உள்ளங்கைக்கு ஏற்ப அரம் போட்டுச் செதுக்குவார்கள், மரப்புட்டி வைத்து மேடாக்குவார்கள். பார்க்க அசிங்கமான ஒட்டு வேலை போலத் தெரியும். அது உங்கள் பெற்றோரின் கை அளவு. உங்களுக்குப் பொருந்தாவிட்டால் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு கைப்பிடி வாங்குங்கள், தேய்த்துச் சமப்படுத்தாதீர்கள்.

புது ஸ்பிரிங் போடும்போது ‘கொஞ்சம் வலுவானதாக’ என்று கேட்பதும் தவறு. இது 10 மீட்டரில் காகித இலக்கைத் துளைக்கச் செய்த கருவி. வலுவான ஸ்பிரிங் உதைப்புச் சமநிலையைக் கெடுக்கும், சட்டச் சிக்கலும் தரும். ஜெர்மனியில் ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ முத்திரை கொண்ட ஏர் பிஸ்டலிலிருந்து வெளிவரும் பெல்லட்டின் ஆற்றல் 7.5 ஜூலைத் தாண்டக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2016 இறுதியிலிருந்து பெரும்பாலான ஏர் துப்பாக்கிகளுக்கு உரிமம் வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டில் என்ன விதி என்பதை ஸ்பிரிங் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

அப்புறம், பெட்டியோடு வந்த பழைய பெல்லட்டுகள். மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈயம் அரித்து உண்டான நச்சு. அவற்றைச் சுடவும் வேண்டாம், வெறும் கையால் அள்ளவும் வேண்டாம். தட்டைத் தலை கொண்ட இலகுவான 4.5 மி.மீ. போட்டி பெல்லட் புது டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.