அந்த நாலு நாள் எடை மெஷின் பக்கம் போகாதீர்கள்

டயட்டில் இருக்கும்போது, மாதவிடாய்க்கு முன்னால் எடை ஒன்று, ஒன்றரை கிலோ கூடினால் பயப்படாதீர்கள். அது கொழுப்பு இல்லை. ஹார்மோன் மாற்றத்தால் உடம்பில் தங்கும் நீர். மாதவிடாய் தொடங்கிச் சில நாளில் தானாக இறங்கிவிடும். இது தெரியாமல் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, மறுநாள் ஆம்பூர் பிரியாணியில் போய் விழுந்தவள் நான்!

உப்பைக் குறைத்தால் உப்புசம் ஓரளவு அடங்கலாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், அதுவும் வேலூர் வெயிலில். வெள்ளரி, வாழைத்தண்டுப் பொரியல், உப்பு குறைவாகப் போட்ட நீர்மோர் நல்லது. சாயங்காலம் கோட்டைப் பக்கம் அரை மணி நேரம் நடந்து வந்தால், இடுப்பை இறுக்கிய பாவாடை நாடா கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும்.

எடையை மாதவிடாய் முடிந்த மறுவாரம், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். போன மாதம் அதே சமயத்தில் பார்த்த எடையோடு ஒப்பிட்டால்தான் டயட் வேலை செய்கிறதா என்று தெரியும்.