செட்டா ஐரோப்பா ரிவர் க்ரூஸ் போறீங்களா? கால்வாய் ஊருங்கள இப்டி சுத்துங்க

ராயபுரம், தண்டையார்பேட்ட பக்கத்துலருந்து ஃப்ரெண்ட்ஸா சேந்து போறவங்க மொதல்ல பாக்க வேண்டியது ரூட்டு, கப்பல் ஃபோட்டோலாம் அப்பால பாத்துக்கலாம். ஏஜென்ட் கிட்ட போனா ஆம்ஸ்டர்டாம்ல ஏறி ஸ்விட்சர்லாந்து பாசல்ல எறங்குற ரைன் ஆத்து ரூட்டத்தான் எடுத்து நீட்டுவாங்க, நல்ல ரூட்டுதான், ஆனா அதுல கோட்டையும் மலையும் தான் ஜாஸ்தி, கால்வாய் ஊருன்னு பாத்தா ஆம்ஸ்டர்டாம், ஸ்ட்ராஸ்பர்க், பஸ்ல கூட்டினு போற கோல்மார், அவ்ளோதான். கால்வாய் தான் வேணும்னா ஆம்ஸ்டர்டாம்லயே ஏறி அங்கயே எறங்குற ஹாலந்து-பெல்ஜியம் ரூட்டு இருக்கான்னு கேளுங்க. ஹோர்ன், என்க்ஹாய்சன், கென்ட், ப்ரூஜ் மாதிரி ஊருங்க அதுலதான் வரும். கம்பெனிக்கு கம்பெனி லிஸ்ட் மாறும், அதனால எந்த ஊர்ல எத்தன மணிக்கு கப்பல கட்டுறாங்க, எப்போ அவுக்குறாங்கன்னு எழுத்துல வாங்கிடுங்க. ராத்திரியும் ஊர்லயே நிக்கிற கப்பல் கெடச்சா கண்ண மூடினு புக் பண்ணலாம், ஏன்னா டூரிஸ்ட் பஸ்ஸுங்க போனப்புறம் தான் இந்த ஊருங்களே மூச்சு வுடும்.

ஏப்ரல், மே நல்ல சீசன். கேகன்ஹாஃப் துலிப் தோட்டம் மார்ச் நடுவுலருந்து மே நடு வரைக்கும் தான் தொறந்திருக்கும். அந்த ஊரு கோட கடைசில, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்குல, ரைன் ரூட்டு எடுக்காதீங்க, 2018லயும் 2022லயும் ஆத்துல தண்ணி வத்திப்போய் கப்பலுங்க ரொம்ப கஷ்டப்பட்டுச்சு.

விசாவுக்கு, எந்த நாட்டுல அதிக நாள் இருக்கீங்களோ அந்த நாட்டுக்கு தான் ஷெங்கன், அதாவது பல ஐரோப்பா நாட்டுக்கும் சேத்து குடுக்குற ஒரே விசா, போடணும், கப்பல்ல இருக்குற நாளும் அதுல சேத்தி. 6 மாசம் முன்னாடியே போடலாம், இன்சூரன்ஸ் கொறஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். பொட்டில பால்கோவா, நெய்யி, மட்டன் ஊறுகா வெக்காதீங்க, பாலு, கறி ஐட்டத்த உள்ள எடுத்துனு போவக்கூடாதுன்னு சட்டம். பருப்புப் பொடி, எலுமிச்ச ஊறுகா போதும்.

கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாயித்துக்கெழம பழவேற்காடு போய்ட்டு வாங்க, இத ரொம்ப அழுத்தி சொல்றேன். பொன்னேரி தாண்டுனா வந்துடும். ஹாலந்துலருந்து வந்த டச்சுக்காரன் 1613ல அங்க கெல்ட்ரியா கோட்டைய கட்டுனான், கோட்ட போயிடுச்சு, கல்லறத் தோட்டம் இன்னும் இருக்கு, வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருப்பாங்க. 1602ல ஆரம்பிச்ச டச்சு கிழக்கிந்திய கம்பெனிக்கு ஹாலந்துல ஆறு ஊர்ல ஆபீஸ், அதுல ஆம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட், ஹோர்ன், என்க்ஹாய்சன் நாலுமே கால்வாய் ஊருதான். நம்ம கரையில நெய்த துணிய ஏத்தினு போய் இந்தோனேசியா பக்கம் குடுத்து ஜாதிக்கா, கிராம்புன்னு வாங்குனானுங்க, நம்ம ஜனங்களையே அடிமையாவும் கப்பல் ஏத்துனானுங்க. இத தெரிஞ்சினு போனா ஹோர்ன் துறமுகத்துல நிக்கும்போது மனசு சும்மா இருக்காது.

ஆம்ஸ்டர்டாம்ல கண்ணு மேல இருக்கட்டும். பழைய வீடுங்க உச்சியில ஒரு கட்ட வெளிய நீட்டினு இருக்கும், அதுல கொக்கி. படகுல வந்த சரக்க கயித்துல கட்டி நேரா மாடிக்கு இழுத்துடுவாங்க, மூட்ட செவுத்துல ஒரசக்கூடாதுன்னு பல வீட்ட கொஞ்சம் முன்னாடி சாச்சே கட்டியிருக்காங்க. மண்ணடி சந்துல கீழ கட, மேல குடோன்னு இருக்குமே, அதே வேலதான், தண்ணி ஓரமா. மாடிப்படி அவ்ளோ குறுகல்ன்றதால இன்னிக்கும் பீரோ, சோஃபாலாம் ஜன்னல் வழியாத்தான் உள்ள போவுது. சேத்து நெலம்ன்றதால அடியில மரக்கட்டய அடிச்சு அது மேல தான் ஊரே நிக்குது, டாம் ஸ்கொயர் அரண்மனைக்கு மட்டும் 13,659 கட்ட. நேரம் இருந்தா ட்ரெயின்ல அரை மணி நேரம், உட்ரெக்ட் போயிடலாம். அங்க ரோட்டுக்கு அடியிலயே குடோன், படகுலருந்து சரக்கு நேரா உள்ள போற மாதிரி தண்ணி மட்டத்துல கதவு, இப்போ அதெல்லாம் ஹோட்டலாயிடுச்சு.

ப்ரூஜுக்கு கடல்லருந்து வந்த வழி மண்ணு மூடிப்போச்சு, யாவாரம் ஆன்ட்வெர்ப்புக்கு போயிடுச்சு, காசு போனதால யாரும் பழச இடிச்சு புதுசா கட்டல, அதனால தான் இன்னிக்கு அப்டியே இருக்கு. கப்பல்லருந்து பெரும்பாலும் பஸ்ல தான் கூட்டினு போவாங்க. எல்லாரும் சாக்லேட் கடைல நிக்கும்போது நீங்க பெகைன்ஹாஃப், அதாவது அந்த காலத்துல பக்தியான பொம்பளைங்க சேந்து வாழ்ந்த வீடுங்க, அந்த பக்கம் நடங்க, அமைதியா இருக்கும். முட்டி நல்லா இருக்குறவங்க மணிக்கூண்டு ஏறலாம், 366 படி. கென்ட்ல சாயங்காலம் க்ராஸ்லை படித்தொறல ஒக்காந்தாலே போதும்.

செட்டுல எல்லாரும் எல்லாத்துக்கும் ஒண்ணா சுத்தணும்னு அடம் புடிக்காதீங்க, காலைல ரெண்டு மூணு பேரா பிரிஞ்சுடுங்க, மதியம் ஒரு பாலத்த சொல்லி அங்க சேந்துக்கங்க. செகப்பு கலர்ல இருக்குற ரோடு சைக்கிளுக்கு, அதுல நின்னு செல்ஃபி எடுக்காதீங்க, நிஜமாவே மேல ஏத்திடுவாங்க.

கடைசியா கப்பல் விஷயம். தொறல எடம் பத்தாம ரெண்டு மூணு கப்பல ஒட்டி ஒட்டி கட்டுவாங்க, அடுத்த கப்பலோட லாபி வழியா நடந்து தான் உங்க கப்பலுக்கு போவணும், ஜன்னல தொறந்தா எதுர அடுத்தவன் ஜன்னல், ஸ்க்ரீன் போட்டுக்கங்க. நீங்க ஊர் சுத்தும்போது கப்பல எடம் மாத்தியும் வெப்பாங்க. அதனால எறங்கும்போது ஒவ்வொருத்தரும் கப்பல் பேரு, ரிசப்ஷன் ஃபோன் நம்பர், திரும்பி வர வேண்டிய நேரம் மூணையும் ஃபோட்டோ எடுத்துக்கங்க, பாஸ்போர்ட்ட ரிசப்ஷன்ல வாங்கி வெச்சிருந்தா அதோட காப்பி பாக்கெட்ல இருக்கட்டும். கப்பல் போயிட்டாலும் பதறாதீங்க, ஃபோன் பண்ணி அடுத்து எங்க கட்டுறாங்கன்னு கேட்டு ட்ரெயின்ல போய் ஏறிக்கலாம்.