டாம்கேட் எழுந்துவிட்டது, ஆனால் சர்வ்லெட்டெல்லாம் 404

ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வரான டாம்கேட் முரண்டு பிடித்தால் நான் முதலில் பிரவுசரை மூடிவிட்டு, அது தன் செய்திகளை எழுதி வைக்கும் கேட்டலினா.அவுட் லாக்கைத் திறப்பேன். நீளமான பிழைச்செய்தியில் 'காஸ்டு பை' (இதனால் வந்தது) என்று பல இடங்களில் வரும். அதில் கடைசியாக வருவதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம்.

அது 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' (முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது) என்றால் சுலபம். டாம்கேட் வழக்கமாகப் பயன்படுத்தும் 8080 போர்ட்டை வேறு ஏதோ பிடித்திருக்கிறது, அநேகமாகச் சரியாகச் சாகாத பழைய டாம்கேட்டே. டாம்கேட்டின் அமைப்புக் கோப்பான சர்வர்.எக்ஸ்எம்எல்லில் கை வைத்தீர்களா? அதில் பிழை இருக்கிறதா என்று 'கேட்டலினா.எஸ்ஹெச் கான்ஃபிக்டெஸ்ட்' கட்டளையை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

என்னை ஒரு ராத்திரி முழுக்க உட்கார வைத்தது இதெல்லாம் இல்லை. டாம்கேட் 9-ஆம் பதிப்பிலிருந்து 10-க்கு மாறியிருந்தோம். லாக்கில் ஒரு பிழை கிடையாது, ஹெச்டிஎம்எல் பக்கங்கள் ஜோராக வந்தன, கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்களான சர்வ்லெட்டுகள் மட்டும் 404, அதாவது 'பக்கம் இல்லை'. டாம்கேட் 10-இல் ஜாவாக்ஸ்.சர்வ்லெட் என்ற பேக்கேஜ் ஜகார்த்தா.சர்வ்லெட் ஆகிவிட்டது. ஒரு கிளாஸ் சர்வ்லெட் என்று குறிக்கும் பழைய பேக்கேஜின் அனோட்டேஷனை அது கண்டுகொள்வதே இல்லை. திட்டினாலாவது தெரிந்திருக்கும்!

ஜாவா நிரலை மாற்ற அவகாசம் இல்லையென்றால், டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பழைய வார் கோப்பையும் (அப்ளிகேஷன் முழுதும் அடங்கிய பொதி) அது விரிந்த ஃபோல்டரையும் நீக்குங்கள். பக்கத்திலேயே 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, வாரை அதில் போடுங்கள். டாம்கேட்டே பேக்கேஜ் பெயர்களை மாற்றி வெப்ஆப்ஸில் இறக்கிவிடும்.