பைக்கில் மாற்றம் செய்ய விரும்புவோர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பைக்கை மாற்றியமைக்க ஆசைப்படும் பெரும்பாலோரின் கை முதலில் சைலன்சரின் மீதுதான் போகிறது. அது பட்டியலின் கடைசியில் இருக்க வேண்டியது என்பதே என் உறுதியான கருத்து. ஓட்டுபவரின் உடலை வண்டி தொடும் இடங்களும், சாலையை அது தொடும் இடங்களும் சரியாக அமையாத வரையில், எஞ்சினில் கூட்டும் சக்தியால் பயனில்லை. கீழே உள்ள படிகளை அந்த எண்ணத்தில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். முதல் இரண்டு படிகளுக்குப் பெரும்பாலும் புதிய உதிரிபாகம் எதுவுமே வாங்கத் தேவையில்லை.

தொடங்கும் முன் ஸ்பானர் செட், ஆலன் கீ, அளவு நாடா, டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறிப்பிட்ட விசையில் இறுக்க உதவும் கருவி), வண்டியுடன் வந்த கையேடு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால், எதனால் வண்டி மேம்பட்டது, எதனால் கெட்டது என்று பிரித்தறிய முடியாது.

முதல் படி: லீவர்களும் ஹேண்டில்பாரும்

வழக்கம்போல் நிமிர்ந்து அமர்ந்து, விரல்களை நீட்டி பிரேக், கிளட்ச் லீவர்களின் மேல் வையுங்கள். முழங்கை முதல் விரல் நுனி வரை ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் லீவர் உயரமாக இருக்கிறது என்று பொருள். அதன் பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி, லீவரைச் சற்றுக் கீழே திருப்பி இறுக்குங்கள். நீண்ட பயணத்தில் கை மரத்துப்போவதற்கு இந்தச் சிறு கோணமே பல நேரங்களில் காரணமாக இருக்கிறது. கால் பிரேக் பெடலின் உயரத்தை மாற்றினால், பின்புற பிரேக் விளக்கு உரிய நேரத்தில் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஹேண்டில்பாரையே மாற்றுவதாக இருந்தால், பொருத்திய பின் எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் வேகம் தானாக உயர்ந்தால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அந்த நிலையில் வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

இரண்டாம் படி: சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கு ஏற்ப அமைத்தல்

செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பலன் தருவது வேறொன்றும் இல்லை. ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் தொடாமல் விடுவதும் இதைத்தான். உதவிக்கு இருவர் தேவை. பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கர அச்சிலிருந்து நேர் மேலே வண்டியின் உடலில் ஒரு புள்ளி வரையிலான தூரத்தை அளந்து குறியுங்கள். பிறகு, நீங்கள் வழக்கமாக அணியும் ஹெல்மெட், ஜாக்கெட்டுடன் வண்டியில் அமர்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து, ஒருவர் வண்டியை நேராகப் பிடித்திருக்க, மற்றவரை அதே தூரத்தை மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் எடைக்கு வண்டி இறங்கும் அளவு. சாலையில் ஓடும் பல வண்டிகளுக்கு அது 30 முதல் 40 மி.மீ. வரை, அல்லது சஸ்பென்ஷன் நகரும் மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருப்பது நல்லது.

அதிகமாக இறங்கினால் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடு வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பது இதுதான்) கூட்டுங்கள். மிகக் குறைவாக இறங்கினால் தளர்த்துங்கள். ப்ரீலோடைக் கூட்டுவதால் ஸ்பிரிங் கடினமாகிவிடுவதில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. ஆகவே வளையத்தை முழுவதும் கூட்டிய பிறகும் வண்டி அளவுக்கு மீறி இறங்கினால், உங்கள் எடைக்கு வேறு ஸ்பிரிங் வேண்டும் என்பதே அதன் பொருள்.

மூன்றாம் படி: டயரும் பிரேக்கும்

டயரின் பக்கவாட்டில் 130/70-17 என்று இருந்தால், அகலம் 130 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். அழகுக்காக மிக அகலமான டயரைப் பழைய ரிம்மில் ஏற்றினால், அதன் ஓரங்கள் உள்ளே நெருக்கப்பட்டு டயரின் மேற்பரப்பு வளைந்திருக்கும் வடிவமே மாறிவிடும். வண்டி திருப்பங்களில் சாயத் தயங்கும். அகலத்தைவிட ரப்பரின் தரமும் வயதும் முக்கியமானவை. பக்கச்சுவரில் தயாரிப்புக் காலத்தைக் காட்டும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், கடைசி இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். 2523 என்றால் 2023ஆம் ஆண்டின் 25ஆம் வாரத்தில் தயாரானது.

பிரேக்கில் முதலில் மாற்ற வேண்டியது திரவம்தான். டாட் 4 வகைத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலைக்கான வரம்போ வெறும் 155 டிகிரி. திரவம் கொதித்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. இதன் பிறகே ஸ்டீல் பின்னல் கொண்ட பிரேக் ஹோஸ் பற்றி யோசிக்கலாம். அது ரப்பர் ஹோஸைப் போல அழுத்தத்தில் விரியாததால் லீவர் உறுதியாக உணரப்படும். இந்த வேலையை முதன்முறை அனுபவமுள்ள மெக்கானிக்கின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

நான்காம் படி: ஸ்பிராக்கெட்

செயின் ஓடும் பல்சக்கரமே ஸ்பிராக்கெட். முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல்லும் பின்னதில் 42 பல்லும் இருந்தால் விகிதம் 3. முன்னே 15 பல் வைத்தால் அது 2.8 ஆகும், அதே வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 7 சதவீதம் மெதுவாகச் சுழலும், நெடுஞ்சாலையில் அதிர்வு குறையும், ஆனால் பிக்கப் சற்று மந்தமாகும். முன்னே 13 பல் வைத்தால் பலன் இதற்கு நேர்மாறு. முன்னே ஒரு பல் மாற்றுவது பின்னே மூன்று பல் மாற்றுவதற்குச் சமம் என்பதால், சிறு திருத்தம் வேண்டுவோர் பின்னதை மாற்றலாம். தேய்ந்த செயினைப் புதிய ஸ்பிராக்கெட்டின் மேல் ஓட்டாதீர்கள். அது புதிய பற்களையும் விரைவில் தின்றுவிடும்.

ஐந்தாம் படி: சைலன்சர், விளக்குகள், தோற்றம்

சைலன்சரை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் சக்தி மிகச் சிறியது. காற்றோட்டம் மாறும்போது எரிபொருளின் அளவும் அதற்கேற்ப மாற வேண்டும்: கார்பரேட்டர் வண்டியில் ஜெட்டையும் (எரிபொருள் செல்லும் சிறு துளை), இன்ஜெக்ஷன் வண்டியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் அமைப்பையும் பார்க்க வேண்டியிருக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை நீக்காதீர்கள். உங்கள் பகுதியின் ஒலி வரம்பையும் முன்பே அறிந்துகொள்ளுங்கள்.

எல்இடி இன்டிகேட்டர் பொருத்திய பின் அது படபடவென்று வேகமாக மின்னினால் பழுதென்று அஞ்ச வேண்டாம். அது குறைந்த மின்சாரத்தையே எடுப்பதால் இன்டிகேட்டரை மின்னவைக்கும் பழைய ஃப்ளாஷர் குழம்புகிறது. எல்இடிக்கான ஃப்ளாஷரைப் பொருத்தினால் சரியாகிவிடும். கூடுதல் விளக்குகளுக்கு ஃப்யூஸும் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கட்டாயம். ஹாலஜனுக்காக வடிவமைத்த ஹெட்லைட்டில் எல்இடி பல்பைச் செருகினால் எதிரே வருபவரின் கண் கூசும் அபாயம் உண்டு என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. பின் மட்கார்டை வெட்டுவதும் அப்படியே. மழைக்காலத்தில் சேறு முழுவதும் ஷாக் அப்சார்பரின் மேல் தெறிக்கும்.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வண்டிப் பரிசோதனையின்போதோ விற்கும்போதோ அவை தேவைப்படும். செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.