கிளாத்தியோடு மற்ற மீன்களையும் வளர்ப்பது எப்படி

கிளாத்தி, அதாவது ட்ரிகர் என்கிற கடல் மீனை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: தொட்டியில் இருக்கிற மற்ற மீன்களை அது விட்டுவைக்குமா? விட்டுவைக்கும். ஆனால் எந்த ட்ரிகர், எவ்வளவு பெரிய தொட்டி, யாரை முதலில் விட்டோம் என்று எல்லாம் சரியாக அமைய வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். என் நான்கு அடித் தொட்டியில் முதல் மீனாக மூன்று அங்குல அண்டுலேட்டட் ட்ரிகரை விட்டேன், பச்சை உடம்பில் ஆரஞ்சுக் கோடுகளோடு அவ்வளவு அழகு. இரண்டு மாதம் தனியாக இருந்து பழகிவிட்டது. அப்புறம் அதைவிடப் பெரிய ஒரு டாங் மீனை வாங்கி விட்டேன், பெரியதுதானே சமாளித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். மறுநாள் காலையில் டாங்கின் வால் பாதி இல்லை, ஒரு கண்ணும் போயிருந்தது, சாயங்காலத்துக்குள் செத்துப்போனது. அந்த டாங்கை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தவிர்த்திருக்கக்கூடிய சாவு அது.

கடையில் ட்ரிகர் என்று விற்பதை நம் கடற்கரையில் கிளாத்தி என்பார்கள். சிப்பி, நண்டு, கடல் முள்ளெலி மாதிரி ஓடும் முள்ளும் உள்ளவற்றை உடைத்துத் தின்பதற்கென்றே அமைந்த தாடை. முள்ளெலியின் மேல் வாயால் தண்ணீரைப் பீய்ச்சி அதைப் புரட்டிப் போட்டு, முள் குறைவாக இருக்கிற அடிப்பக்கத்தைத் தாக்குகிற அளவுக்கு மூளை உண்டு. முட்டையிட்டால் அந்த இடத்துக்கு எதையும் அண்டவிடாது. டைட்டன் ட்ரிகர் 75 செ.மீ. வரை வளரும், கூட்டுக்கு மேலே வருகிற டைவர்களையே விரட்டிக் கடிக்கும். அது தன் எல்லையாக நினைப்பது கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிகிற கூம்பு மாதிரியான பகுதி, அதனால்தான் மேலே போகாமல் பக்கவாட்டில் நீந்தி விலகச் சொல்வார்கள். கடலில் விரட்டப்பட்ட மீன் விலகிப் போய்விடும். தொட்டியில் விலகிப் போக இடமில்லை, எங்கே திரும்பினாலும் அதே எல்லைக்குள்தான். நாம் செய்கிற ஏற்பாடுகள் எல்லாமே இந்த ஒரு சிக்கலைக் குறைக்கத்தான்.

சரி, எந்த ட்ரிகர்? இங்கேதான் பாதி வேலை முடிகிறது. மற்ற மீன்களோடு வளர்க்க ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நான் யோசிக்காமல் ப்ளூஜா என்பேன், ஆணுக்குத் தொண்டை நீலமாக இருக்கும், அதனால் அந்தப் பெயர். 30 செ.மீ.க்கு மேல் போகாது. கடலில் நடுநீரில் மிதக்கிற மிதவை உயிரிகளைத் தின்று வாழ்கிற இனம், ஆகவே பாறையில் இருக்கிறதை உடைக்கிற வெறி இதற்குக் குறைவு. கிராஸ்ஹாட்ச்சும் இதே குடும்பத்துக் குணம்தான், விலைதான் கை சுடும். அடுத்து நைஜர், சிவப்புப் பல்லும் கருநீல உடம்பும், கடலில் 50 செ.மீ. வரை வளரக்கூடியது, அதுவும் மிதவை உயிரிகளைத் தின்பதுதான், பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். பிங்க்டெயிலும் பரவாயில்லை, 40 செ.மீ. வரும். பிக்காஸோ நடுத்தரம், சின்ன மீன்களை மிரட்டும், பெரியவற்றோடு ஒத்துப்போகும்.

க்ளவுன் ட்ரிகரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது அதில்தான். இரண்டு அங்குலத்தில், வெள்ளைப் புள்ளிகளோடு, மஞ்சள் உதட்டோடு பொம்மை மாதிரி இருக்கும். ஒரு வருடம், சில சமயம் இரண்டு மூன்று வருடம்கூட எல்லோரோடும் அமைதியாக நீந்தும். ஒரு நாள் திடீரென்று தொட்டியைக் காலி செய்ய ஆரம்பிக்கும். 50 செ.மீ. வரை வளரக்கூடிய மீன் அது. எல்லா க்ளவுனும் அப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆகிவிட்டால் அதற்குத் தனித் தொட்டி கொடுக்க வழி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். அண்டுலேட்டட், க்வீன் இரண்டையும் கூட்டுத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். அண்டுலேட்டட் 30 செ.மீ.தான், ஆனால் அந்த அளவில் அதைப்போல் கடிக்கிற மீன் வேறு இல்லை என்பது என் முடிவு. அதைத் தனியாக வளர்த்தால் நம்மை அடையாளம் கண்டு கண்ணாடி அருகே ஓடிவரும், அருமையான மீன், ஆனால் தனியாக.

தொட்டிக்கு வருவோம். ப்ளூஜாவுக்கே 5 அடி நீளமாவது இருந்தால் நல்லது. மற்றவற்றுக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், அதாவது சுமார் 680 லிட்டர். உயரத்தைவிட நீளமும் அகலமும்தான் முக்கியம், துரத்தப்படுகிற மீன் பார்வையிலிருந்து மறைய வேண்டும். பாறையை ஒரே சுவராக அடுக்காமல் இரண்டு மூன்று தீவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இருபக்கமும் திறந்த பொந்துகள் வையுங்கள். ஒருபக்கம் அடைத்த பொந்தில் மாட்டிய மீன் அங்கேயே அடி வாங்கும். பாறைகளை மணலின் மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்தில் நேராக உட்காரவையுங்கள், ட்ரிகர் மணலைத் தோண்டும், கல்லை நகர்த்தும், சரிந்தால் கண்ணாடிக்கே ஆபத்து. கண்ணாடி ஹீட்டரையும் வயர்களையும் கடிக்கும், அதனால் முடிந்ததையெல்லாம் சம்ப்புக்குள், அதாவது தண்ணீரைச் சுத்திகரிக்கிற துணைத் தொட்டிக்குள், தள்ளுங்கள். மேல்மூடியும் தேவை. இவை நிறையத் தின்று நிறையக் கழிவு போடுகிற மீன்கள், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கிற ஸ்கிம்மரைத் தொட்டிக்குச் சொன்ன அளவைவிட ஒருபடி பெரியதாக எடுங்கள். வெப்பம் 24 முதல் 27 டிகிரி. சென்னை வெயிலில் ஹீட்டரைவிடத் தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர்தான் அதிகம் ஓடும்.

இன்னொரு விஷயம். 2001 முதல் கல் பவளங்கள் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதனால் நம் ஊர்த் தொட்டிகள் பலவும் மீன்கள் மட்டும் இருக்கிற தொட்டிகள்தான். ட்ரிகருக்கு அது பொருந்திப்போகிறது. இறால், நண்டு, நத்தை, முள்ளெலி எதையும் சேர்த்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், ப்ளூஜாவிடம்கூட சின்ன இறால் தப்புமா என்பது அந்தந்த மீனைப் பொறுத்தது.

கூட வளர்க்க எவை சரி? தைரியமும் வேகமும் உடம்பும் உள்ளவை. பெரிய ஏஞ்சல்கள், நேஸோ மாதிரி டாங்குகள், பெரிய ராஸ்கள், ஸ்னோஃப்ளேக் அஞ்சாளை, ஓரா குடும்பத்து ஃபாக்ஸ்ஃபேஸ். ஃபாக்ஸ்ஃபேஸின் முதுகு முள்ளில் விஷம் இருப்பதால் கடிக்க வருகிறவை யோசிக்கும். களவா வைக்கலாம், ஆனால் ட்ரிகர் அதன் வாய்க்குள் போகிற அளவில் இருக்கக் கூடாது. லயன் மீனும் பேத்தையும் முரட்டு மீன்கள்தானே என்று ட்ரிகரோடு போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், இரண்டும் மெதுவானவை, துடுப்புகள் நாளுக்கு நாள் கிழிந்துகொண்டே வரும். கோபி, ஃபயர்ஃபிஷ், மாண்டரின் மாதிரிச் சிறியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. இரண்டு ட்ரிகர் வேண்டுமென்றால் ப்ளூஜாவில் ஓர் ஆண், ஒரு பெண் என்று சேர்த்து விடுங்கள். வேறு இனங்களில் ஒன்றே போதும்.

வரிசைதான் உயிர். மற்ற மீன்கள் எல்லாம் வந்து, தின்று, தங்கள் இடத்தைப் பிடித்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து ட்ரிகர் கடைசியாக வர வேண்டும், அதுவும் மற்றவற்றைவிடச் சிறிய அளவில். அதற்கு முன் நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டியில் குவாரன்டைன். பிறகு நேராக விடாமல், துளை போட்ட அக்ரிலிக் பெட்டியில் வைத்துப் பெரிய தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகட்டும். பெட்டியின் மேல் யாராவது விடாமல் மோதிக்கொண்டிருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். திறந்துவிடும் நாளில் பாறைகளைக் கொஞ்சம் மாற்றி அடுக்கினால் பழைய எல்லைகள் குழம்பும், எல்லோரும் புதிதாக இடம் தேடுவார்கள். விளக்கை அணைத்துவிட்டு, எல்லோருக்கும் வயிறு நிறையத் தீனி போட்டபின் திறக்கவும். ட்ரிகர் ஏற்கனவே இருக்கிற தொட்டியில் புது மீன் சேர்க்க வேண்டியிருந்தால் பெட்டிக்குள் போக வேண்டியது ட்ரிகர்தான். புது மீன் சில நாள் சுதந்திரமாகச் சுற்றட்டும்.

பசித்த ட்ரிகர்தான் சண்டைக்குப் போகும். ஒரே வேளையில் அள்ளிப் போடாமல், நாளைக்கு இரண்டு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக, தொட்டியின் இரண்டு முனையிலும் போடுங்கள், அப்போதுதான் மற்றவையும் தின்னும். ஓட்டோடு இறால், மட்டி, கணவாய், இடையே நோரி என்கிற உலர்ந்த கடற்பாசித் தாள். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், ஓட்டைக் கடித்தால்தான் தேயும், அதனால் உரித்த இறாலையே எப்போதும் போடாதீர்கள். சந்தையில் வாங்கியதை நன்றாகக் கழுவி, சில நாள் உறையவைத்து, அப்புறம் போடுவது என் பழக்கம். உயிர் மீன் போட்டுப் பழக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் தினமும் துடுப்புகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு துரத்தல் சகஜம். ஒரே மீனைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் துரத்துகிறதா, அந்த மீன் தீனிக்கு வராமல் மூலையில் நிற்கிறதா, துடுப்பு ஓரம் வட்டமாகக் கடிபட்டிருக்கிறதா? இருந்தால் பழகிவிடும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். அதற்காகத்தான் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.

ட்ரிகரைப் பிடிக்க வலை வேண்டாம், முதுகு முள் வலையில் சிக்கி மீனும் காயப்படும். தீனி வைத்த பெட்டிக்குள் வரவைத்து மூடுவதுதான் சுலபம். பயந்துபோய்ப் பொந்துக்குள் புகுந்தால் முதல் முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் வராது, இழுக்கவும் கூடாது. கல்லோடு சேர்த்துத் தூக்கி அதே தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் வைத்துவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் தானாக வெளியே வரும். அப்படியும் வரவில்லை என்றால், கெட்டியான கையுறை போட்டுக்கொண்டு, பெரிய முள்ளுக்குப் பின்னால் இருக்கிற சின்ன இரண்டாவது முள்ளை மெல்ல அழுத்துங்கள். பூட்டு திறந்து முதல் முள் தானாக மடியும்.